பதினாலரை இன்ச் முழம்

என் கை குட்டைன்னா அதுக்கு நான் என்னக்கா பண்றது? நீங்கதான டெய்லரு, மடிப்பப் பிரிச்சு விட்டா நீளுதான்னு நீங்களே பாருங்க. இல்ல, நான் கத்தல. என் குரலே இப்படித்தான், எல்.கே.ஜி.லேருந்து இப்படித்தான். பத்து முழம் மல்லி கேட்டீங்க, பத்து தடவ அளந்தேன், ஒண்ணு ரெண்டுன்னு நான் எண்ண எண்ண நீங்களும் கூடவே எண்ணுனீங்க, அப்ப கண்ணு எங்க போச்சு? இப்ப வீட்டுக்குப் போயி, பாய விரிச்சு, பூவ நீட்டிப் போட்டு, டேப்ப வச்சு அளந்துட்டு, நூத்தி எம்பது இன்ச் இருக்கணும், நூத்தி நாப்பத்தஞ்சுதான் இருக்குன்னு முகூர்த்த நாளும் அதுவுமா கட முன்னாடி வந்து நிக்கிறீங்க. பூவப் போய் யாராவது டேப்புல அளப்பாங்களா? பூ என்ன பாவாட நாடாவா? வாய் இப்படிப் பேசிக்கிட்டே இருக்கு, ஆனா உள்ள மனசு கூப்பிடாமலே உக்காந்து கணக்குப் போடுது. நூத்தி நாப்பத்தஞ்ச பத்தால வகுத்தா பதினாலரை. ஒரு முழம்னா பதினெட்டு இன்ச். முழத்துக்கு மூணரை இன்ச் துண்டு விழுது. பத்து முழம்னு சொல்லி எட்டு முழம் குடுத்திருக்கேன். சீ, மனசே, நீ எந்தப் பக்கம்? எதிர்ல ஜெசிந்தா அக்கா, கழுத்துல டேப்பு மாலை மாதிரி தொங்குது, கையில என் மல்லி, அவங்க மூஞ்சி சிவந்து போயி, மூக்குத்தி மட்டும் தனியா ஆடுது. மக நிச்சயதார்த்தமாம், பத்தரைக்காம், இருபது பொம்பளைங்களுக்கு தலைக்கு அரை முழம்னு கணக்கு போட்டாங்களாம், இப்ப நாலு தலைக்குப் பூ இல்லையாம், அந்த நாலும் மாப்பிள்ள வீட்டுத் தலையாம், அதுல ஒண்ணு மாப்பிள்ளையோட அத்தையாம். ஏன், பொண்ணு வீட்டுத் தலைல நாலக் கொறச்சுக்கங்களேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டேன்.

முழம்னா என்ன, அத முதல்ல சொல்லுங்க. முழங்கையிலேருந்து நடுவிரல் நுனி வரைக்கும். சரி, யாரு முழங்கை? எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? நான் பி.எஸ்சி. பிசிக்ஸ் மூணாவது வருஷம்க்கா, என்கிட்ட வந்து அளவப் பத்திப் பேசாதீங்க. மீட்டருக்குன்னு பாரிஸ்ல பிளாட்டினத்துல ஒரு கம்பி செஞ்சு பத்திரமா பூட்டி வச்சிருந்தாங்க, உலகத்துல எவனுக்கு மீட்டர்ல சந்தேகம் வந்தாலும் அதான் தீர்ப்பு. அது மாதிரி முழத்துக்குன்னு ஒரு பிளாட்டினம் கை எங்கயாவது பூட்டி வச்சிருக்கா? இல்லேல்ல? அப்ப என் கைதான் பிளாட்டினம். இத நான் வெளிய சொன்னனா உள்ள சொன்னனான்னு தெரியல, பக்கத்து ஜூஸ் கட சிராஜ் அண்ணன் சிரிக்கிறாரு, வெளியதான் சொல்லிருப்பேன் போல. என் கை பாரிஸ்ல ஒரு கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்கு, மேல மருதாணி, ரப்பர் வளையல், கீழ ஒரு சீட்டு: பவதாரணி, தஞ்சாவூர், மண்டபத்து முக்கு. வெள்ளக்காரங்க வரிசையா வந்து பாத்துட்டுப் போறாங்க. ஒருத்தன் கேக்குறான், இதுல ஜீரோ எரர் எவ்வளவுன்னு. முதல் வருஷம் முதல் லேப்புல வெர்னியர் காலிபர கையில குடுத்ததும் அதத்தான் சொல்லிக் குடுத்தாங்க. கருவியோட வாய மூடுனா அளவு சைபர்ல நிக்கணும், நிக்கலன்னா கருவியிலயே கோளாறு இருக்கு, அந்தக் கோளாற முதல்ல எழுதிட்டுத்தான் அளக்கவே ஆரம்பிக்கணும். என் கருவியோட வாயத்தான் மூடவே முடியலையே. "ஏம்மா, எனக்கு ரெண்டு முழம் குடுத்துட்டு அப்புறமா சண்டையப் போடும்மா, பொண்டாட்டி வண்டியில உக்காந்துருக்கு" ங்குறாரு பைக்குல வந்த ஒருத்தரு. பின்னாடி உக்காந்துருந்த அந்தம்மா அங்கேருந்தே, "இந்தப் பொண்ணு கையில வேணாங்க, அந்தக்காவ அளக்கச் சொல்லுங்க" ங்குது. அந்தக்கான்னா ஜெசிந்தா அக்கா. கட எங்களுது, கை ஜெசிந்தா அக்காவோடதா! நல்லா இருக்கு நியாயம். நானே அளந்தேன். ஆனா விரல் தானா நீண்டுச்சு, நடுவிரல் நகம் வரைக்கும் விறைச்சுக்கிட்டு நின்னுச்சு, நகம் வளந்துருந்தா அதையும் சேத்துருப்பேன். பாவி, எதுக்கு விரல நீட்டுன? நீட்டுனா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? நீட்டலன்னா?

நீங்க மட்டும் என்னக்கா, சொக்கத்தங்கமா? ஜாக்கெட்டுக்கு எம்பது சென்டிமீட்டர் போதும், ஒரு மீட்டர் கொண்டான்னு சொல்லுவீங்க. மிச்சம் இருபது சென்டிமீட்டர் எங்க போகுது? உங்க வீட்டு சோபால ஒரு தலகாணி இருக்கே, மயில் கழுத்துக் கலரு, அது எங்க அத்த மக வளைகாப்புக்கு எடுத்த துணி. நான் அது மேல சாஞ்சு உக்காந்து உங்க வீட்டுல டீ குடிச்சேன், ஒரு வார்த்த சொன்னனா? சொல்லலையே. ஏன்னா அது தொழில். எல்லாத் தொழில்லயும் ஒரு இருபது சென்டிமீட்டர் இருக்கு. சிராஜ் அண்ணன் சாத்துக்குடி ஜூஸ்ல பாதி ஐஸு. "பாப்பா, உங்க சண்டையில என் ஐஸ ஏன் இழுக்குற" ங்குறாரு. இழுக்காம? எங்க காலேஜ்ல இன்ஸ்பெக்ஷன் வந்தப்ப எங்க டிபார்ட்மென்ட் ஹெச்.ஓ.டி.ன்னு ஒருத்தர உக்கார வச்சிருந்தாங்க, நல்ல உயரம், கோட்டு, கண்ணாடி. வந்த ஆபீசர் ஏதோ குவாண்டம்னு கேட்டதுக்கு, "எல்லாம் இறைவன் செயல்" னாரு. பக்கத்து ஊரு பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டராம். நாங்க நாப்பது பேரு பின்னாடி நின்னு அத்தன பேரும் சிரிக்காம இருந்தோம், அதுக்கே எங்களுக்கு டிகிரி குடுக்கலாம். நான் மட்டும் அன்னைக்கு சாயங்காலம் பிரின்சிபால் ரூமுக்குப் போயி, சார் இது ஏமாத்து வேலைன்னு நேராவே சொன்னேன். மூணு நாள் வெளிய நிக்க வச்சாங்க. நான் அப்படிப்பட்டவக்கா! பொய்யப் பாத்தா எனக்கு ஒடம்பெல்லாம் எரியும். பூவ எட்ட எட்டக் கட்டி நடுவுல மரிக்கொழுந்த சொருகுறது பொய் இல்ல, அது அழகு. தண்ணி தெளிக்கிறது பொய் இல்ல, அது வெயிலு. பூவ அளக்குறப்ப கொஞ்சம் தொங்க விட்டுப் பிடிக்காம இழுத்துப் பிடிக்கிறது... சரி, அத விடுங்க. கை என்னோட கை. அது கடவுள் குடுத்தது. கடவுள் மேல கேஸ் போடுங்க.

என்னது? இன்னொரு தடவ சொல்லுங்க. எங்கம்மா வேணும்னேதான் என்னைய இங்க உக்கார வச்சிருக்கா? என் கை குட்டைங்கறதுக்காகவா? அக்கா, வாய அளந்து பேசுங்க, டேப்பு கையிலதான இருக்கு. எங்கம்மாவப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? ராஜகுமாரின்னா இந்த முக்குல யாருகிட்ட வேணாலும் கேளுங்க. அது மார்க்கெட்டுக்கு ரெண்டாவது லோடு எடுக்கப் போயிருக்கு, இன்னைக்கு மூணு மண்டபத்துலயும் கல்யாணம், அதனால என்னைய உக்கார வச்சிட்டுப் போயிருக்கு, பெத்த புள்ளைய உக்கார வைக்காம எதுத்த வீட்டுக்காரனையா உக்கார வைக்கும்? எனக்குக் கைராசிக்கா. அம்மாவே சொல்லும். பத்தாவது படிக்கிறப்பலேருந்து சொல்லுது, "பவா, நீ உக்காந்தா பூ மிஞ்சவே மிஞ்சாதுடி, உன் கைராசி யாருக்கும் வராது" ன்னு. அத்தைங்ககிட்ட சொல்லும், சித்திக்கு போன் போட்டு சொல்லும், நான் பக்கத்துல நின்னு கேக்காத மாதிரி ஜட பின்னிக்கிட்டு இருப்பேன், உள்ளுக்குள்ள அப்படியே ஜிலுஜிலுன்னு இருக்கும். எனக்கு நிறம் இல்ல, பாட்டு வராது, கோலம் போட்டா கோழி கிண்டுன மாதிரி இருக்கும், ஆனா கைராசி இருக்கு. போன வைகாசியில திருச்சியில பத்து நாள் கேம்ப், டெலஸ்கோப்புல வியாழன பாக்கலாம், அதோட நாலு நிலாவையும் பாக்கலாம்னு பேரு குடுத்து செலெக்டும் ஆயிட்டேன். அம்மா, "வைகாசில ஏழு முகூர்த்தம்டி, உன் கைராசி இல்லாம நான் என்ன பண்ணுவேன்" னு ஒரே ஒரு வார்த்ததான் சொல்லுச்சு. போகல. வியாழனாவது நிலாவாவதுன்னு மல்லிய அளந்துக்கிட்டு உக்காந்துட்டேன், சந்தோசமாத்தான் உக்காந்தேன். இப்ப சென்னையில எம்.எஸ்சி.க்கு ஃபாரம் போடணும், திங்கக்கிழம கடைசி நாள், மூணு வாரமா பையிலயே கெடக்கு, எப்ப எடுத்தாலும் அம்மா அதையேதான் சொல்லுது, நானும் மடிச்சு திரும்ப வச்சிடுறேன். அம்மா என்னைய உக்கார வைக்கிறது என் கைராசிக்கு. என் கைக்கு இல்ல. ரெண்டும் வேற வேறக்கா. வேற வேறதான?

சாதா நாள்ல நான் கடைக்கு வந்தா அம்மா என்ன சொல்லும்? "போயி படிடி." செவ்வாக்கெழமையில? "போயி படிடி." பூ சல்லிசா விக்கிற நாள்ல? அப்பவும் "போயி படிடி" தான். வெள்ளிக்கெழமன்னா, முகூர்த்தம்னா, கார்த்திகை தீபம்னா, பூ ஏறுன நாள்னா? "பவா, வாடி ராசாத்தி." இத ஏன் நான் இத்தன வருஷமா பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கல? லேப்புல ரெண்டு ரீடிங் எடுத்தாலே பட்டியல் போடணும்னு நிப்பேன், அம்மாவுக்கு மட்டும் பட்டியலே போடலையே. அப்புறம் பிரசன்னா. எங்க அண்ணன். ஆறடி. கை அப்படியே ரயில்வே கேட்டு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். பூ மூட்டைய பைக்குல கொண்டாந்து எறக்குவான், தண்ணி ரொப்புவான், தார்ப்பாய் கட்டுவான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஒரு ஆளுக்கு ஒரு முழம் அளந்து குடுத்தான், அம்மா ஓடி வந்து கையிலேருந்து பூவப் புடுங்கிருச்சு, "ஆம்பளப் புள்ள பூவத் தொடக்கூடாதுடா" ன்னு. நானும் அத நம்புனேன், அதுக்காக அம்மாகிட்ட ஆணாதிக்கம்னு அரமணி நேரம் சண்ட வேற போட்டேன்! அம்மா பூவக் கட்டிக்கிட்டே கேட்டுக்கிச்சு. இல்ல, இல்ல, இது ஜெசிந்தா அக்கா போட்ட விதை, ஒரு டெய்லர் பேச்ச கேட்டுக்கிட்டு பெத்தவள சந்தேகப்படுறதா? எதுக்கும் ஒரு சோதனை பண்ணிப் பாத்துரலாம். அக்கா, அந்த டேப்பக் குடுங்க. சிராஜ் அண்ணே, கைய நீட்டுங்க. "எனக்கு எதுக்குமா, நான் ஐஸ் போடுறவன்." நீட்டுங்கண்ணே. பத்தொம்போது. பைக் அண்ணே, நீங்க? பதினெட்டரை. "எங்க வீட்டுக்காரிக்கும் அளந்து பாரும்மா, ஒரு கை எவ்வளவு நீளம்னு எனக்கே ரொம்ப நாளா சந்தேகம்" ங்குறாரு, அந்தம்மா வண்டியிலேருந்து எறங்காமயே நீட்டுச்சு, பதினேழு. ஜெசிந்தா அக்கா பதினேழேகால். என்னோடது பதினாலரை. கூட்டத்துல ஒரு பாட்டிம்மா கூட பதினாறு. கூட்டம் இப்ப நல்லா சேந்துருச்சு, எல்லாரும் கைய மடக்கி மடக்கிப் பாத்துக்குறாங்க, யாரோ சின்னப் புள்ளையத் தூக்கி அது கையவும் நீட்டுறாங்க. அந்தப் புள்ளயோடது பதினொண்ணு. அம்மா முன்னாடியே பாத்துருந்தா அதத்தான் தத்து எடுத்துருக்கும். சிரிக்கிறாங்க. நானும் சிரிச்சுட்டேன். சிரிச்சுக்கிட்டே அடுத்து யாரு கைன்னு தேடுறேன். அம்மா கை எவ்வளவு? தெரியாது. அதுலதான் சோறு தின்னு வளந்தேன், அளவு தெரியாது. ஆனா ஒண்ணு, ஜெசிந்தா அக்கா சொல்லிட்டாங்கங்கறதால உண்ம ஆயிடாது. ஆதாரம் வேணும். குட்டக் கை இருக்கு, முகூர்த்த நாள் இருக்கு, பிரசன்னா இருக்கான், ஆனா அம்மாவுக்குத் தெரியும்ங்கறதுக்கு என்ன ஆதாரம்? பாவம், தெரியாமலேயே கூட இருக்கலாம். கைராசின்னு நெஜமாவே நம்பிக்கிட்டு இருக்கலாம். பூ ஏன் மிஞ்சலன்னு அதுக்கே புரியாம, எம்மக ராசின்னு கும்புட்டுக்கிட்டு இருக்கலாம். இருக்கலாம்தான? சாமி, அப்படியே இருக்கட்டும்.

ஷேர் ஆட்டோ வந்து நின்னுச்சு. அம்மா. தலையில ஈரச் சாக்கு, இடுப்புல பூக்கூடை, கூட்டத்தப் பாத்ததும் ஒரு வினாடி நிக்குது, அப்புறம் மூஞ்சில சிரிப்ப மாட்டிக்கிட்டு வருது, அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், போலீஸ்காரர் நடபாதைய காலி பண்ணச் சொல்றப்ப வர்ற சிரிப்பு. "என்ன ஜெசிந்தா, வூட்டுல நல்ல காரியத்த வச்சுக்கிட்டு இங்க என்ன பஞ்சாயத்து? சின்னப் புள்ளகிட்ட ஏன் மல்லுக்கு நிக்கிற, என்கிட்ட கேட்டா தர மாட்டனா?" ஜெசிந்தா அக்கா வாயத் தொறக்குறாங்க, அம்மா விடல. சாக்க எறக்குச்சு, புதுப் பூப்பந்துல நுனியத் தேடி எடுத்துச்சு, தன்னோட கையில, நீட்டி, நெதானமா, ஒண்ணு, ரெண்டு. கத்திரி. எல எடுத்து, பூவ வச்சு, மடிச்சு, "இந்தா, மாப்பிள்ள வீட்டு மூஞ்சி சுண்டக் கூடாது, போ, பொண்ணுக்கு என் ஆசிர்வாதத்தச் சொல்லு." அவ்வளவுதான். ஜெசிந்தா அக்கா வாங்கிக்கிட்டாங்க. டேப்ப என் கையிலேருந்து உருவிக்கிட்டாங்க. கூட்டம் கலையப் பாக்குது. பைக் அண்ணன் கிக்கர ஒதைக்கிறாரு. நான் அந்தக் கத்திரியையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். ரெண்டு. பத்து முழத்துக்கு ரெண்டு முழம். ஒண்ணு இல்ல, மூணு இல்ல, ரெண்டு. ஜெசிந்தா அக்கா எவ்வளவு வாங்குனாங்கன்னு அம்மா பூவ மொத்தமாப் பாத்தாலே சொல்லிரும், சரி. ஆனா எவ்வளவு கொறஞ்சிச்சுன்னு யாரு சொன்னா? நான் சொல்லல. அவங்கள சொல்லவே விடல. டேப்பு போடல, வகுக்கல, ஒரு வினாடி யோசிக்கல. பிசிக்ஸ் படிக்காத பொம்பள என் கையோட ஜீரோ எரர மனப்பாடமா வச்சிருக்கு. "பவா, நீ உக்காரு ராசாத்தி, நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" னு முந்தானையால மூஞ்சியத் தொடைக்குது. ராசாத்தியாம். உக்கார மாட்டேன். டீக்கடைக்கும் போகாத. யாரும் போகாதீங்க, பைக் அண்ணே, வண்டிய நிறுத்துங்க, சிராஜ் அண்ணே, மிக்சிய நிறுத்துங்க, ஜெசிந்தாக்கா, நாலு தலைக்கும் பூ வந்துருச்சுல்ல, ரெண்டு நிமிசம் நில்லுங்க. அம்மா, இங்க பாரு. என் கைராசி என் கைராசின்னு ஊரெல்லாம் சொன்னியே, அது நானா, இந்த மூணரை இன்ச்சா? "வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்டி, வா" ன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு சொல்லாத, வூட்டுல நீ அழுதுருவ, நானும் கூட அழுதுருவேன், கேள்வி அப்படியே போயிரும். இங்கயே சொல்லு. கைக்காகத்தான்னா கைக்காகத்தான்னு சொல்லிரு, திங்கக்கிழம ஃபாரத்தப் போட்டுட்டு சந்தோசமா கெளம்பிடுறேன். எனக்காகத்தான்னா அதையும் சொல்லு, அப்பவும் கெளம்புவேன், ஆனா அழுதுக்கிட்டே கெளம்புவேன். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். ஜெசிந்தாக்காவுக்கும் தெரியட்டும், இத்தன வருஷமா பூ வாங்குன இவங்க எல்லாருக்கும் தெரியட்டும். குனியாத, பூவக் கட்டாத, பூவெல்லாம் ஒண்ணும் வாடாது, வாடுனா தண்ணி தெளிச்சுக்கலாம், அதுதான் நமக்கு நல்லா வருமே. என்னையப் பாத்து, சத்தமா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, சொல்லும்மா.